பூட்டில்லாத பெட்டியின் விலை

2006 நவம்பரில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கன்சோலை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 60 ஜிகாபைட் மாடலின் விலை 599 டாலர். ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம் ஒரு பெட்டியை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் விலை போட்டது. கூட்டிப் பார்த்தால் சுமார் 840 டாலர். அதாவது, வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் சோனி தன் கையிலிருந்து 240 டாலர் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பல் கூலி, கடைக்காரர் கமிஷன், விளம்பரம் எல்லாம் தனி.

இப்படி விற்பவர் ஏமாளியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டதைப் பிடிக்க வேறு இடம் வைத்திருக்க வேண்டும். சோனி ஏமாளி அல்ல. அந்தப் பெட்டியில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டும் விற்கும்போது அதில் ஒரு பங்கு சோனிக்கு வரும். தொடர்ந்து விளையாட்டு வாங்குகிற ஒருவர் அந்த 240 டாலரைத் தனக்கே தெரியாமல் கட்டி முடித்துவிடுவார். ஆனால் இந்த ஏற்பாடு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. சோனியிடம் அனுமதி வாங்காத விளையாட்டு எதுவும் அந்தப் பெட்டியில் ஓடக்கூடாது. ஓடினால் வசூல் போச்சு. ஆகவே பூட்டு வேண்டும்.

கன்சோல் வரலாற்றின் பெரும்பகுதி இந்தப் பூட்டின் வரலாறுதான். முதல் பெரிய வெற்றி கண்ட அடாரி 2600-இல் பூட்டே கிடையாது. அடாரியிலிருந்து வெளியேறிய நான்கு நிரலாளர்கள் 1979-இல் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தை வேறு சிலரோடு சேர்ந்து தொடங்கி, அதே பெட்டிக்குத் தாங்களே விளையாட்டு தயாரித்து விற்றார்கள். அடாரி வழக்குப் போட்டுப் பார்த்தது; 1982-இல் சமரசம் ஆயிற்று. வழி திறந்ததும் யார் யாரோ புகுந்தார்கள். கடை அலமாரி முழுக்க மட்டமான விளையாட்டுகள் குவிந்தன. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நிண்டெண்டோ அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: கதவை நாம்தான் காக்க வேண்டும்.

1985-இல் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ பெட்டிக்குள் 10என்இஎஸ் என்ற சிறிய சிப் இருந்தது. அதே சிப்பின் ஜோடி ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே நிரலை ஒரே தாளத்தில் ஓட்டத் தொடங்கும். ஒன்று கணக்கிட்டு அனுப்பும் பிட்டை மற்றது தன் கணக்கோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பெட்டியில் இருக்கும் சிப் ரீசெட் கம்பியை இழுத்துவிடும். விநாடிக்கு ஒருமுறை பெட்டி புதிதாகத் தொடங்கும். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கேசட்டின் முனையில் தூசி படிந்தாலும் இதே கதிதான். உலகம் முழுவதும் குழந்தைகள் கேசட்டை வாயால் ஊதிய பழக்கத்தில் இந்தப் பூட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஜப்பானில் விற்ற அதே நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியில் இந்தச் சிப் இல்லை. அதனால்தான் அதன் நகல்கள் ஆசிய நாடுகளில் தாராளமாகத் தயாராகின. தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் மரியோவும் கான்ட்ராவும் ஓடிய லிட்டில் மாஸ்டர், சாமுராய், மீடியா என்ற பெயர்ப் பெட்டிகள் எல்லாம் அந்த வம்சம். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுதான் திரும்பத் திரும்ப வரும். மலிவு, பூட்டும் கிடையாது. மலிவாக இருந்ததற்குக் காரணம், மரியோவை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு பைசாகூடப் போகாததுதான்.

இப்போது கேள்விக்கு வரலாம். விலை குறைந்த, யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிப் போடக்கூடிய, திறந்த தளமாக இருக்கிற ஒரு கன்சோல் விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா? மேலே சொன்ன கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் சிக்கல் தானாகத் தெரியும். நிறுவனம் பெட்டி விலையில் தரும் மானியத்தைப் பூட்டுதான் சுமக்கிறது. பூட்டை எடுத்தால் மானியமும் போய்விடும். 99 டாலருக்கு விற்கும் திறந்த பெட்டிக்குள் 99 டாலருக்கு உட்பட்ட சரக்குதான் இருக்க முடியும்.

சோனியே இதற்கு ஒரு சாட்சி. பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது அதில் லினக்ஸ் நிறுவிக்கொள்ள அதிகாரபூர்வமாக வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் சுமார் 1,760 பெட்டிகளை இணைத்து 2010-இல் கான்டார் கிளஸ்டர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரையே கட்டியது. அத்தனை பெட்டிகளை வாங்கிய அந்த வாடிக்கையாளர் எத்தனை விளையாட்டு வாங்கியிருப்பார் என்று சோனியின் கணக்குப் பிள்ளை நினைத்துப் பார்த்திருப்பார். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 புதுப்பிப்பு அந்த வசதியை நீக்கியது. பாதுகாப்புதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. வருமானக் கணக்கும் அதே திசையில்தான் காட்டியது என்பேன்.

மலிவையும் திறப்பையும் ஒரே பெட்டியில் தர முடியும் என்று மிகத் துணிச்சலாக வாக்குக் கொடுத்தது ஊயா. ஜூலி ஊர்மன் என்பவர் தலைமையில், ஈவ் பேயார் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் கைவண்ணத்தில் உருவான, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கனசதுரம். 2012 ஜூலை 10 அன்று கிக்ஸ்டார்ட்டரில் 9,50,000 டாலர் கேட்டார்கள். அன்றைக்கே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. முடிவில் 63,416 பேர் சேர்ந்து சுமார் 86 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். விலை 99 டாலர். ஆண்ட்ராய்டு இயங்குதளம். யார் வேண்டுமானாலும் விளையாட்டு எழுதலாம். நிரல் எழுத எந்தத் தனிக் கருவியும் வாங்க வேண்டாம், கடையில் விற்கும் பெட்டியே போதும். பெட்டியை ரூட் செய்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம், திருகைக் கழற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு விளையாட்டையும் கொஞ்சமாவது இலவசமாக ஆடிப் பார்க்கவிட வேண்டும் என்பது விதி. 2013 ஜூன் 25 அன்று கடைகளுக்கு வந்தது.

உள்ளே இருந்தது என்விடியாவின் டெக்ரா 3 என்ற சிப். 1.7 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர்கள், 1 ஜிகாபைட் நினைவகம், 8 ஜிகாபைட் சேமிப்பு. 2012-இல் நல்ல டேப்லட்டுகளில் இருந்த சிப்தான். பெட்டி கடைக்கு வரும் முன்பே டெக்ரா 4 அறிவிக்கப்பட்டிருந்தது. நான்கு கோர், 1080பி என்று அட்டையில் படித்தவர்கள் பெரிய டிவியில் பெரிய விளையாட்டு ஓடும் என்று எதிர்பார்த்தார்கள். ஏன் ஓடவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் இன்றைக்கும் மலிவான பெட்டி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதே இடத்தில்தான்.

1080பி திரையில் 1,920க்கு 1,080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 4 பைட். ஒரு படத்துக்குச் சுமார் 83 லட்சம் பைட். விநாடிக்கு 60 படம் என்றால், திரை முழுவதையும் ஒரே ஒரு முறை வண்ணம் பூசுவதற்கே 50 கோடி பைட் நினைவகத்துக்குள் போக வேண்டும். பூசியதை டிவிக்கு அனுப்ப மறுபடி படிக்க வேண்டும். அது இன்னொரு 50 கோடி. ஆனால் முப்பரிமாணக் காட்சியில் யாரும் ஒருமுறை பூசி முடிப்பதில்லை. முதலில் வானம், அதன்மேல் மலை, மலைமேல் வீடு, வீட்டின் முன்னால் ஆள், ஆளைச் சுற்றிப் புகை. சராசரியாக மூன்று அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். நிறம் எழுத 150 கோடி. பூசுவதற்கான வண்ணப் படங்களை எடுத்துவர, சுருக்கம் எதுவும் செய்யாவிட்டால், இன்னொரு 150 கோடி. எது முன்னால், எது பின்னால் என்று தெரிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தைப் படித்து எழுத வேண்டும். ஆழத்துக்கு 2 பைட் என்றால் அதுவும் 150 கோடி. டிவிக்கு அனுப்பும் 50-ஐச் சேர்த்தால் 500 கோடி பைட்.

டெக்ரா 3-க்கும் நினைவகத்துக்கும் நடுவே இருந்த பாதை 32 பிட் அகலம். விநாடிக்குச் சுமார் 600 கோடி பைட் போகலாம் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. அந்த ஒரே பாதையில்தான் நான்கு கோர்களும் தங்கள் வேலைக்கு வந்துபோக வேண்டும். 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் நினைவகப் பாதை விநாடிக்கு 2,240 கோடி பைட். போதாததற்கு, வண்ணம் பூசும் வேலைக்கென்றே தனியாக 10 மெகாபைட் அதிவேக நினைவகம். ஊயா வந்த அதே ஆண்டு நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் 17,600 கோடி. அதன் விலை 399 டாலர். கோர்களின் எண்ணிக்கை விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும். பெட்டியின் தகுதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பாதையின் அகலம்தான். அதை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. ஊயாவுக்கு எழுதியவர்கள் பலர் 720பி-க்கு இறங்கியதில் வியப்பில்லை. புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், பெட்டி மூச்சுவிடும்.

அடுத்த தொல்லை தாமதம். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ப்ளூடூத், இயங்குதளம், விளையாட்டின் நிரல், டிவி என்று வரிசையாக ஆள் நிற்கிறது. அந்த நாளைய ஆண்ட்ராய்டு 4.1, போன் திரையில் விரல் வழுக்குவது மென்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று படங்களைச் சுழற்சியில் வைத்திருக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஒன்று திரையில், ஒன்று காத்திருப்பில், ஒன்று வரையப்படும் நிலையில். காத்திருக்கும் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிவிநாடி. செய்தி படிப்பவருக்கு அது தெரியாது. அம்பைத் தவிர்த்துக் குதிக்க வேண்டியவருக்குத் தெரியும். கன்ட்ரோலர் பதில் சொல்ல நேரமாகிறது என்றும், பொத்தான்கள் மேல்தகட்டின் விளிம்பில் சிக்கிக்கொள்கின்றன என்றும் தொடக்கத்திலேயே விமர்சனங்கள் வந்தன. சிப்பைப் பற்றிய குறையை விலையைக் காட்டிச் சமாளிக்கலாம். கையில் பிடிக்கிற பொருளைப் பற்றிய குறைக்குச் சமாதானம் கிடையாது. அந்த ஒரு இடத்தில் சிக்கனம் பிடித்திருக்கவே கூடாது.

இத்தனைக்கும் அந்தப் பெட்டியில் ஒரு அருமையான விளையாட்டு இருந்தது. டவர்ஃபால். நான்கு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து, நகராத ஒற்றைத் திரையில், ஒருவர்மேல் ஒருவர் அம்பு விடுவது. தட்டையான சின்னஞ்சிறு படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பாணி என்பதால் மேலே போட்ட 500 கோடிக் கணக்கு அதைத் தொடவே இல்லை. மலிவுப் பெட்டியின் எல்லைக்குள் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 15 டாலர் விலை. ஊயாவில் சுமார் 7,000 பிரதிகள் விற்றதாக அதை உருவாக்கியவரே 2014-இல் சொன்னார். அந்த ஆண்டு மார்ச்சில் விரிவாக்கிய பதிப்பு பிளேஸ்டேஷன் 4-க்கும் கம்ப்யூட்டருக்கும் போனது. வருமானம் அங்கேதான் வந்தது. பிறகு எந்த நிரலாளர் ஊயாவை முதலில் நினைப்பார்? பெட்டி வாங்கியவர்களில் பலர் பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டருக்காகவும், சினிமா பார்க்கும் எக்ஸ்பிஎம்சி மென்பொருளுக்காகவும் வாங்கியவர்கள். திறந்த பெட்டியை அவர்கள் பயன்படுத்திய முறையில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்களிடமிருந்து புதிய விளையாட்டுக்குப் பணம் வராது. நிறுவனம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி, விளையாட்டு தயாரிக்க மக்களிடம் நிதி திரட்டுபவர்களுக்கு அதே அளவு தொகையைத் தானும் தருவதாக ஒரு திட்டம் போட்டது. சில நிதி திரட்டல்களில் பணம் போட்டவர்கள் உண்மையான ரசிகர்கள்தானா என்ற சந்தேகம் எழுந்து, அதுவும் சண்டையில் முடிந்தது.

சினிமா பார்க்கும் வேலைக்கும் விரைவிலேயே போட்டி வந்தது. ஊயா கடைக்கு வந்த மறுமாதமே கூகுளின் குரோம்காஸ்ட் 35 டாலருக்கு வந்தது. 2014 ஏப்ரலில் அமேசான் ஃபயர் டிவி, அதே 99 டாலருக்கு, இரண்டு மடங்கு நினைவகத்தோடு. அமேசானுக்குப் பெட்டியில் லாபம் வேண்டியதில்லை. பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

2015 ஜூலையில் ரேசர் நிறுவனம் ஊயாவின் மென்பொருள் பகுதியை வாங்கியது. 2019 ஜூன் 25, கடைக்கு வந்து சரியாக ஆறு ஆண்டு நிறைந்த அன்று, விளையாட்டுகளை விற்றுவந்த சர்வரை நிறுத்தினார்கள். திறந்த பெட்டி எந்த அளவுக்குத் திறந்தது என்று அன்றுதான் சோதனை. காசு கொடுத்து வாங்கிய சில விளையாட்டுகள், ஆடத் தொடங்கும் முன் சர்வரிடம் ரசீதைச் சரிபார்க்கும்படி எழுதப்பட்டிருந்தன, அவை நின்றன. பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தவர் பாடு இன்னும் மோசம். முதல்முறை இயக்கும்போது கணக்கில் நுழையச் சொல்லிக் கேட்கும். நுழைய சர்வர் இல்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசற்படியில் மட்டும் ஒரு பூட்டை விட்டுவைத்திருந்தார்கள்.

காப்பாற்றியதும் திறப்புதான். சர்வரின் முகவரியை ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் எழுதிவைத்தால் பெட்டி அங்கே போய்க் கேட்கும் என்பதை ஆர்வலர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பழைய சர்வர் சொன்ன பதில்களையே சொல்லும் மாற்று சர்வர் ஒன்றைத் தாங்களே எழுதி, கோப்பில் அதன் முகவரியைப் போட்டார்கள். பெட்டிகள் மறுபடி கண் விழித்தன. பூட்டிய கன்சோலில் இது நடக்க வேண்டுமானால் முதலில் பூட்டை உடைக்க வேண்டும். அதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே 2013-இல் ஒருவர் வந்து ஊயா வாங்கலாமா என்று கேட்டிருந்தால், விளையாட்டுக்காக என்றால் வேண்டாம் என்பதுதான் சரியான பதில். நிரல் எழுதிப் பழக, டிவியில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள என்றால் 99 டாலர் நியாயம். ஆனால் அதற்கும் அப்போது ஒரு மாற்று இருந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெர்ரி பை 35 டாலருக்கு வந்திருந்தது. வெறும் போர்டு மட்டும்தான். பெட்டி, அடாப்டர், மெமரி கார்டு, கன்ட்ரோலர் எல்லாம் வாங்கிச் சேர்த்தால் விலை 99-ஐ நெருங்கும், பொறுமையும் வேண்டும். ஆனால் அதை உயிரோடு வைத்திருக்க எந்தக் கடையும் திறந்திருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் விற்ற போர்டுகள் இன்றும் ஓடுகின்றன. அது மானியம் கேட்கவில்லை, பெரிய விளையாட்டு தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. கோடிக்கணக்கில் விற்றது.

இன்று இந்தக் கேள்வி பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும் கைக்கு அடக்கமான பெட்டிகளைப் பற்றியதாக இருக்கிறது. மியூ மினி என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2.8 அங்குலத் திரை, 640க்கு 480 புள்ளி, 128 மெகாபைட் நினைவகம். ஊயாவின் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு. இருந்தும் திருப்தியாக இருக்கிறது. காரணம் திரை சிறியது, ஓட்டுவது எண்பதுகள், தொண்ணூறுகளின் விளையாட்டுகள். 640க்கு 480 திரையில் பூச வேண்டிய புள்ளிகள் 1080பி-யின் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். நிறுவனம் தந்த மென்பொருள் சுமார் ரகம்தான். ஆர்வலர்கள் ஆனியன் என்ற பெயரில் தாங்களே ஒன்றை எழுதினார்கள்; அதைப் போட்ட பிறகுதான் பெட்டி பெட்டியானது.

இந்த வகைப் பெட்டிகளோடு பல விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அடங்கிய மெமரி கார்டையும் சேர்த்துத் தருவார்கள். அது 9999 இன் 1-இன் பேரன். திருட்டுப் பிரதி, பெரும்பாலும் கார்டும் மட்டமாக இருந்து சில மாதங்களில் கெட்டுப்போகும். முறையான வழியில் போனாலும் ஆடுவதற்குப் பஞ்சமில்லை. டூம் விளையாட்டின் மூலநிரலை அதன் உரிமையாளர்கள் 1997-இல் வெளியிட்டார்கள். அதனால் இன்று டூம் ஓடாத பெட்டியே இல்லை எனலாம். பழைய நிண்டெண்டோவுக்காகவே 2019-இல் புதிதாக வெளிவந்த மைக்ரோ மேஜஸ் என்ற விளையாட்டு 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. உருவாக்கியவர்களிடமே காசு கொடுத்துக் கோப்பாக வாங்கிக்கொள்ளலாம்.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக், திறப்புக்கும் மானியத்துக்கும் ஆகாது என்ற என் கணக்கில் ஒரு விலக்கு போலத் தோன்றும். லினக்ஸ் பெட்டி, விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம், வேறு கடையின் விளையாட்டையும் ஓட்டலாம். விலை 399 டாலரில் தொடங்கியது. அந்த அளவுக்கு இறக்கியது வலித்தது என்று நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் வெளிப்படையாகவே சொன்னார். பூட்டு இல்லாமலேயே அவரால் வலியைத் தாங்க முடிந்தது, ஏனென்றால் கம்ப்யூட்டரில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் எப்படியும் அவருடைய கடையில்தான் வாங்குகிறார்கள். ஊயாவுக்கு அப்படியொரு கடை அமையவில்லை. 399 டாலர் மலிவா என்பது வேறு கேள்வி. அது விளையாட்டுக்கான பெட்டி, சந்தேகமில்லை.

என்னிடம் கேட்டால், புதிதாக அறிவிக்கப்படும் மலிவான திறந்த கன்சோலை அறிவிப்பைப் பார்த்து வாங்காதீர்கள், ஓராண்டு பொறுங்கள் என்பேன். நிறுவனம் சாராத யாராவது அதற்கு மாற்று மென்பொருள் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், எழுதியிருந்தால் வாங்கலாம். வாங்கியதும் வைஃபை இணைப்பைத் துண்டித்துவிட்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, மறுபடி இயக்குங்கள். கணக்கில் நுழையச் சொல்லிக் கேட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடையில் கொடுத்துவிடுங்கள். பழைய ஊயா எங்காவது மலிவாகக் கிடைத்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் முடிவு தெரிந்ததுதான்.